இரவல் மேடையும் சொந்தக் குரலும்: வி. வி. வைரமுத்துவை முன்வைத்து ஈழத்து இசைநாடகம் பற்றிய விவாதங்கள்

யாழ்ப்பாணத்து அரங்க வரலாற்றில் ஒரு கேள்வி ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்துகொண்டிருக்கிறது. ஆர்மோனியச் சுருதியோடு, வர்ணத் திரைகளுக்கு முன்னால், புராணக் கதையைப் பாட்டும் வசனமுமாக நடித்துக் காட்டும் இசைநாடகம் ஈழத் தமிழரின் சொந்தக் கலைதானா? தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிக அரங்கு இங்கே தங்கிவிட்டது, அவ்வளவுதானா? இதற்குப் படித்தவர்கள் தந்த விடைகள் பல. நாடகச் சீர்திருத்தக்காரர் ஒன்று சொன்னார்கள். கூத்தை மீட்டவர்கள் வேறொன்று சொன்னார்கள். சமூகவியல் நோக்கில் ஆராய்ந்தவர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். கோயில் வீதியில் பாய் விரித்து விடியும்வரை இருந்து பார்த்த மக்கள் இந்த விவாதங்களுக்குக் காத்திருக்கவில்லை.

இந்த விடைகளையெல்லாம் உரசிப் பார்க்க நல்லதொரு உரைகல் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் வாழ்க்கை. 1924இல் காங்கேசன்துறையில் பிறந்து 1989இல் மறைந்த இவர், ‘அரிச்சந்திர மயான காண்டம்’ என்ற ஒரு நாடகத்தோடு ஈழத்தமிழர் நினைவில் பிரிக்க முடியாதபடி ஒன்றிப்போனவர். இவர் பாடிய அரங்கைப் பற்றி முன்வைக்கப்பட்ட முக்கிய நிலைப்பாடுகளையும், அவை எங்கிருந்து பிறந்தன, எங்கே தளர்கின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது.

காலமும் களமும்

பம்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான பார்சி நாடகக் குழுக்கள் துணைக்கண்டம் முழுவதும் பயணம் செய்தன. மேடையைச் சட்டமிட்ட படம்போல் காட்டும் முகப்பு, சுருட்டி இறக்கும் திரைச்சீலைகள், நுழைவுச்சீட்டு, இந்துஸ்தானி மெட்டுகள், கண்ணைக் கவரும் உடைகள் ஆகியவற்றை அவை கொண்டுவந்தன. மராத்தியில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1880இல் தொடங்கிவைத்த சங்கீத நாடகம், கன்னடத்தின் கம்பெனி நாடகம், சிங்களத்தின் நூர்த்தி ஆகியவற்றின் பின்னணியில் இந்த அலை இருக்கிறது.

தமிழில் அந்த அலைக்கு இலக்கிய உருவம் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தெருக்கூத்தின் கதைகளையும் கர்நாடக இசையையும் புதிய மேடை அமைப்போடு இணைத்து அவர் எழுதிய நாடகங்கள் நடிகர்களுக்கு மனப்பாடப் பாடநூலாயின. 1918இல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஒரு தலைமுறை நடிகர்களை உருவாக்கியது. தென்னிந்தியக் குழுக்கள் கடல் கடந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொட்டகை போட்டு ஆடின. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இலங்கை மேடைகளில் பாடியவர்கள். பார்த்தவர்கள் பாடத் தொடங்கினார்கள். வந்த கலைஞர்களிடம் பயின்றவர்கள் ஊரில் அண்ணாவிமாரானார்கள். நாட்டுக்கூத்தில் ஏற்கெனவே தேர்ந்த ஊர்களில் இந்தப் புதிய ‘டிறாமா’வும் வேர் விட்டது.

வைரமுத்து தலையெடுத்தபோது இந்தியக் குழுக்களின் வருகை ஓய்ந்துகொண்டிருந்தது. சினிமா நகரக் கொட்டகைகளைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் பெரிய கம்பெனிகள் கலைந்து, நடிகர்கள் படத்துறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் குடாநாட்டின் கோயில் வீதிகளில் இசைநாடகம் புதுவாழ்வு பெற்றது. வைரமுத்துவின் வசந்தகான சபா அந்தப் புதுவாழ்வின் முன்வரிசையில் நின்ற குழு. மயான காண்டத்தோடு நந்தனார், சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி முதலிய கதைகளும் அதன் மேடையில் வந்தன. மயான காண்டம் மட்டும் மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. துல்லியமான பதிவேட்டிலிருந்து எடுத்த எண்ணாக இதைக் கொள்வதைவிட, ஒரு சமூகம் அந்த நாடகத்தை எவ்வளவு கேட்டது என்பதன் நினைவாகக் கொள்வதே பொருத்தம். எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும், ஈழத்தில் வேறெந்தத் தமிழ் நாடகமும் அதன் அருகில் வருவது கடினம்.

முதல் நிலைப்பாடு: பாட்டைக் குறை, நாடகத்தைக் காட்டு

இசைநாடகம் பற்றிய முதல் ஒழுங்கான விமர்சனம் நாடக அரங்குக்குள்ளிருந்தே வந்தது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, படித்த நடுத்தர வர்க்கத்தினர் பொழுதுபோக்காக நடித்த அரங்கு. அதன் வழியைப் பின்பற்றி இலங்கையில் நாடக சபைகளை வளர்த்தவர் கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982). ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற தன்வரலாற்று நூல் அவரது அரங்கப் பார்வைக்கு நல்ல சான்று. கதையோட்டம் தடைப்படாமல் போகவேண்டும், நடிப்பு பாத்திரத்துக்கு அடங்கவேண்டும், ஒழுங்கும் ஒத்திகையும் வேண்டும் என்பன இந்த மரபினரின் வற்புறுத்தல்கள். பல்கலைக்கழக மட்டத்தில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் எழுதிய ‘நானாடகம்’ (1940) முதலிய ஆக்கங்கள் வழியாக யதார்த்த உரையாடல் நாடகத்துக்கு இடம் சமைத்தார்.

இவர்கள் பார்வையில் இசைநாடகத்தின் குறைகள் வெளிப்படையானவை. செத்த பிள்ளையை மடியில் கிடத்திய தாய் இராக ஆலாபனை செய்கிறாள். சபையோர் கைதட்டினால் அதே பாட்டு மறுபடியும் வருகிறது. ஒரே இரவுக்கெனப் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையேறி, யார் பெரியவர் என்று பாட்டிலேயே போட்டி போடுகிறார்கள். இவை உண்மையில் நடந்தவைதான்.

ஆனால் இந்த விமர்சனத்தின் அளவுகோல் ஐரோப்பிய வசன நாடகத்திலிருந்து வந்தது. இறக்கும் தறுவாயில் பாடுவது பொருந்தாது என்றால், ஐரோப்பாவின் ஒப்பெரா அரங்கு முழுவதும் தள்ளுபடியாகிவிடும். பாடி நடிக்கும் கலையில் பாட்டு, நடப்பதை நிறுத்தி வைத்து உள்ளே நிகழ்வதைத் திறந்து காட்டுகிறது. அங்கே காலம் வேறு விதமாக ஓடுகிறது. சபை நாடகங்களின் பார்வையாளர் வட்டமும் பெரும்பாலும் நகரத்தையும் ஆங்கிலம் படித்தோரையும் சார்ந்திருந்தது. ஆகவே இந்த நிலைப்பாடு இசைநாடகத்தின் ஒழுங்கீனங்களைச் சரியாகவே கண்டது. அதன் அடிப்படை விதியைக் காணத் தவறியது என்று சொல்லலாம்.

இரண்டாம் நிலைப்பாடு: கூத்தே வேர், டிறாமா ஒட்டு

1956க்குப் பின் விவாதம் வேறு தளத்துக்குப் போயிற்று. அந்த ஆண்டில் எதிரிவீர சரச்சந்திராவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள நாடகமவை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படைப்பு, ஒரு மக்களினத்தின் நவீன அரங்கு அதன் நாட்டார் வடிவத்திலிருந்து எழவேண்டும் என்ற கருத்துக்குப் பெரும் வலு சேர்த்தது. நாடகம என்ற அந்த வடிவத்தின் மூலமே தமிழ்க் கூத்துத்தான் என்பது தமிழ் அறிஞர்களுக்கு மேலும் உற்சாகம் தந்தது. ஜோன் டி சில்வா (1857–1922) போன்றோர் வளர்த்த, கொழும்பு ரவர் மண்டபத்தில் கோலோச்சிய நூர்த்தியோ, பார்சிக் கலப்பு என்ற பெயரில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

தமிழ்ப் பக்கத்தில் இந்த வேலையை முன்னெடுத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ முதலிய தயாரிப்புகள் மூலம் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, செறிவாக்கி, நவீன மேடைக்கு ஏற்றினார். மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் தேசிய அரங்கின் அடித்தளமாக ஏற்கப்பட்டன. பழைய கூத்துப் பிரதிகள் அச்சேறின. இந்தப் பணியின் பெறுமதியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. படித்தோர் ஏளனம் செய்த ஒரு கலைக்கு அது பல்கலைக்கழக வாசலைத் திறந்துவிட்டது.

ஆனால் அந்த வாசலால் வைரமுத்து உள்ளே போக முடியவில்லை. கூத்தை மதிப்பிடுவதற்கு அமைந்த அளவுகோலின் நடுவில் இருந்தது ஆட்டம். தாளக்கட்டு, அடவு, வரவு, வட்டக்களரி ஆகியவை மரபின் அடையாளங்களாயின. இசைநாடகத்தில் ஆட்டம் இல்லை. களரிக்குப் பதிலாகத் திரைகட்டிய மேடை. மத்தளத்துக்கு மேலாக ஆர்மோனியம். ஆட்டத்தை அளவாக வைத்துப் பார்த்தால் அது தேறாது. வந்த காலமும் அண்மையது. எனவே மரபு என்ற பட்டியலில் அதற்கு ஒரு தயக்கமான இடமே கிடைத்தது.

இங்கே ஒரு வரலாற்றுப் பொருத்தம் கவனத்துக்குரியது. வித்தியானந்தன் பிறந்ததும் 1924; மறைந்ததும் 1989. அவர் பிறந்த தெல்லிப்பழை வீமன்காமம், வைரமுத்துவின் காங்கேசன்துறைக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரே வலிகாமம் வடக்கின் மண்ணில், ஒரே காலத்தில், ஒருவர் ஈழத்து அரங்கின் மூலத்தை ஆராய்ந்து நிலைநாட்டினார். மற்றவர் ஒவ்வோர் இரவும் அரங்கேறிக்கொண்டிருந்தார். இதைத் தனிமனிதர்களின் முரணாகக் காண்பது பிழை. கல்வித்துறை தேடிய மரபும் ஊர் வாழ்ந்த மரபும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று முழுமையாகச் சந்திக்காத ஒரு காலகட்டத்தின் அடையாளமாகவே இதைக் கொள்ளவேண்டும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், மூலத்தையும் உரிமையையும் ஒன்றாக எண்ணியதில் இருக்கிறது. பார்சி அலையிலிருந்து பிறந்த சங்கீத நாடகத்தை மகாராட்டிரர் தம் பண்பாட்டின் மகுடமாகவே கொண்டாடுகிறார்கள். பெண் வேடத்தில் பாடிய பாலகந்தர்வர் (1888–1967) அவர்களுக்கு இன்றும் ஆதர்சம். அதே மூலம் இங்கே மட்டும் ஏன் குறையாகவேண்டும்? மேலும், ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களின் கூத்துகளிலும் ஐரோப்பியக் கதைகள் தாராளமாகக் கலந்திருக்கின்றன. வித்தியானந்தன் பதிப்பித்த ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ அதற்குச் சான்று. கலப்பு என்பது கூத்தைத் தகுதியிழக்கச் செய்யவில்லை என்றால், இசைநாடகத்தையும் செய்யாது.

மூன்றாம் நிலைப்பாடு: சங்கரதாஸ் மரபின் ஈழக் கிளை

மேற்கண்ட இரு விமர்சனங்களுக்கும் எதிராக இசைநாடகத்தைப் பேணியவர்கள் வைக்கும் வாதம், பரம்பரையின் பெருமை சார்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த பாட்டும் தர்க்கமும் விருத்தமும் தமிழ்நாட்டில் சினிமாவின் வருகையோடு தேய்ந்துபோன வேளையில், யாழ்ப்பாணத்துக் கலைஞர்கள் அவற்றைக் காப்பாற்றினார்கள் என்பது இந்தத் தரப்பின் சாரம். இந்தத் துறையில் ஆழமாக உழைத்தவர் கலாநிதி காரை செ. சுந்தரம்பிள்ளை. ஈழத்து இசைநாடக வரலாற்றை நூலாக்கியதன் மூலம், செவிவழியே மட்டும் வாழ்ந்த கலைஞர்களின் பெயர்களையும் குழுக்களையும் அவர் எழுத்துக்குக் கொண்டுவந்தார். 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், மரபு அரங்குகளைப் புதிய தலைமுறையின் கையில் ஒப்படைக்கத் தொடர்ந்து உழைத்து வந்திருக்கிறது. நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமானபின் இவ்வரங்கின் பெயர் மாணவர் ஏடுகளிலும் ஏறியது.

இந்த நிலைப்பாட்டுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. அது இல்லையென்றால் இன்று விவாதிக்கவே தரவு இருந்திராது. ஆயினும் ‘காப்பாற்றினார்கள்’ என்ற பார்வைக்குள் ஒரு சிக்கல் உண்டு. இது ஈழக் கலைஞரைப் பிறர் பொருளைப் பாதுகாத்த காவலராக்கிவிடுகிறது. அவர் செய்த மாற்றங்கள் கண்ணில் படாமல் போகின்றன.

மயான காண்டத்தையே எடுத்துக்கொள்வோம். வீரகவிராயரின் அரிச்சந்திர புராணம் அயோத்தி அரசவையிலிருந்து தொடங்கி நீண்டு செல்லும் காப்பியம். மேடையில் அரிச்சந்திரன் கதையும் முழு இரவுக்கு உரியதாக இருந்தது. வைரமுத்துவின் பெயரோடு நிலைத்ததோ, அதன் இறுதிப் பகுதி மட்டும். அரசாட்சி போய்விட்டது, மனைவியையும் மகனையும் விற்றாயிற்று, தானும் வீரபாகுவுக்கு அடிமையாகி, கையில் தடியோடு சுடலை காக்கிறான் அரிச்சந்திரன். இந்த இடத்திலிருந்து நாடகம் தொடங்கும்போது மாளிகைத் திரைக்கும் பட்டாடைக்கும் தேவையில்லை. பார்சி அரங்கின் பகட்டு முழுவதும் தானாகவே கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது ஒரு மனிதனும் அவன் குரலும்.

பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். சுடலைக் காவலன் கேட்கவேண்டியது காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும். அவளிடம் ஒன்றுமில்லை. தருவதற்கில்லை என்று அவளும், தராமல் சுட முடியாது என்று அவனும் பாட்டில் வாதிடுகிறார்கள். யாரும் கொடியவரல்லர், இருவரும் சரி. பிறகு, கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலி அவன் கண்ணில் படுகிறது. யாரென்று தெரிந்தபின்னும் அவன் எசமானனுக்குரிய கூலியை விட்டுக்கொடுக்க மறுக்கிறான். நாடகத்தின் உச்சம் இங்கேதான். தெரியாதவரை அது கடமை. தெரிந்தபின் அதுவே தாங்கமுடியாத சோதனை. இந்த ஒரு திருப்பத்தை வசனத்தால் கடந்துவிட முடியாது. விருத்தத்தில் சொல் மெல்ல இறங்கி, குரல் உடைவதுபோல் நின்று, மறுபடி சுருதியில் ஏறிப் பிடிக்கும்போதுதான் அது பார்ப்பவருக்குள் போகிறது.

காண்டம் ஒன்றைத் தனி நாடகமாகச் செதுக்கி, பகட்டைக் குறைத்து, பாட்டைப் பாத்திரத்தின் துயரத்துக்கு உட்படுத்திய இந்த வடிவத்தைப் பழையதன் பாதுகாப்பு என்று மட்டும் சொல்வது போதாது. தேர்வும் ஒரு படைப்புச் செயல்தான்.

நான்காம் நிலைப்பாடு: யார் பாடினார்கள், யாருக்காக?

பேராசிரியர்கள் கா. சிவத்தம்பி, சி. மௌனகுரு போன்றோர் வளர்த்தெடுத்த சமூகவியல் நோக்கு, அரங்கின் மூலத்தைவிட அதன் மனிதர்களைப் பற்றிக் கேட்டது. கூத்தாடுவதும் டிறாமா ஆடுவதும் உயர்குடித் தொழிலாக யாழ்ப்பாணத்தில் கருதப்படவில்லை. இக்கலைகளை உயிர்ப்பித்தவர்களில் பலர் சாதியடுக்கின் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பகலில் உழைப்பாளி; இரவில் அரசன். இந்த இடைவெளிக்குள் இசைநாடகத்தின் சமூகப் பொருளைத் தேடவேண்டும் என்பது இத்தரப்பின் வாதம்.

மயான காண்டத்துக்கு இந்தப் பார்வை கூர்மையான ஒளி பாய்ச்சுகிறது. அரசன் ஒருவன் புலையனுக்கு அடிமையாகி, தீண்டத்தகாத தொழிலென்று ஊர் ஒதுக்கிய வேலையை, நேர்மையின் உச்சமாகச் செய்கிறான். தீண்டாமைக்கு எதிரான போராட்டங்கள் கொதித்த காலத்திலேயே இந்நாடகம் குடாநாடெங்கும் ஆடப்பட்டது. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த நுழைவுப் போராட்டமும் வலிகாமம் வடக்கின் எல்லைக்குள்ளும் அதன் அயலிலும் நிகழ்ந்தவை. கோயிலின் உள்வீதி எல்லோருக்கும் திறந்திராத காலத்தில், வெளிவீதியில் கட்டிய மேடையைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள் என்பது அற்பமான செய்தியன்று.

தெலுங்கில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பலிஜேபல்லி லட்சுமிகாந்தம் எழுதிய ‘சத்திய அரிச்சந்திரா’வின் சுடலைக் காட்சி ஆந்திர ஊர்களில் தனியாகவே ஆடப்படும் புகழ் பெற்றது. அந்தக் காட்சியில் நடிகர்கள், தலித் கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் சுடலைக் கவிதைகளைச் சேர்த்துப் பாடுவது வழக்கமாயிற்று. சாவின் முன் அரசனும் ஆண்டியும் சமம் என்ற பொருள், ஒதுக்கப்பட்ட ஒருவரின் எழுத்திலிருந்து புராண மேடைக்குள் நுழைந்தது. இரு மொழிகளிலும் மக்கள் அரிச்சந்திரன் கதையிலிருந்து ஒரே பகுதியைத் தனியே பிரித்தெடுத்துக் கொண்டது தற்செயலாக இருக்க முடியாது.

எனினும் இந்த வாசிப்பையும் எச்சரிக்கையோடு கையாளவேண்டும். நாடகத்தின் முடிவில் தெய்வங்கள் தோன்றுகின்றன, வாள் மாலையாகிறது, மகன் எழுகிறான், அரசனுக்கு அரசு திரும்புகிறது. படிநிலை கலைந்து மறுபடி அமைகிறது. பொய் சொல்லாதவனே வெல்வான் என்ற அறத்தையும், விதித்த தொழிலைக் கேள்வியின்றிச் செய் என்ற போதனையையும் ஒரே காட்சியிலிருந்து எடுக்கலாம். வெளிவீதியில் இருந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பது, மேடைப் பிரதியைப் படிப்பதால் மட்டும் தெரிந்துவிடாது. இன்னொரு குறையும் உண்டு. கலைஞரை அவரது சமூகத்தின் பிரதிநிதியாக மட்டும் காணும்போது, ஏன் வைரமுத்து? ஏன் மற்றொருவர் அல்ல? என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது. அதற்கு அவருடைய குரலுக்கு வரவேண்டும்.

விடுபட்ட சான்று: குரல்

இதுவரை கண்ட நான்கு நிலைப்பாடுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அரங்க அமைப்பைப் பற்றியும், கதை பற்றியும், சமூகம் பற்றியும் அவை பேசுகின்றன. பாடியது எப்படி என்பது பெரும்பாலும் பாராட்டுச் சொற்களில் நின்றுவிடுகிறது. உச்சத்தொனி, கணீரென்ற சாரீரம், உருக்கம் என்ற சொற்கள் நமக்குக் கேட்டவரின் மகிழ்ச்சியைச் சொல்கின்றனவே அன்றிக் கேட்கப்பட்டதைச் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் இதே சிக்கல் அதன் எல்லைக்கே போன ஒரு நிகழ்வு உண்டு. ஸ்பெயினின் நவாரா மாநிலத்தில், பிரினீஸ் மலையடிவார ஊரான ரொன்கலில் பிறந்த ஹூலியான் கயார்ரே (1844–1890) என்ற பாஸ்க் தெனோர் பாடகர், ஆடு மேய்த்தும் கொல்லன் பட்டறையில் வேலை செய்தும் வளர்ந்தவர். 1876இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கை வென்று, தம் காலத்தின் முதன்மைத் தெனோர்களுள் ஒருவரானார். அவர் குரல் பதிவாகவில்லை. அவர் மறைந்தபின் அந்த ஒலியின் இரகசியத்தைத் தேடி அவருடைய குரல்வளையை எடுத்துப் பேணினார்கள். அது இன்றும் அவர் ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குரல்வளை இருக்கிறது, குரல் இல்லை.

வைரமுத்துவின் நிலை இதற்கு நேர்மாறு. அவருடைய மயான காண்டம் ஒலிப்பதிவாகி, வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்து, புலம்பெயர்ந்தோரின் நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. குரல் நம்மிடம் இருக்கிறது. ஆராயவேண்டியதுதான் மீதி.

எதை ஆராயலாம்? ஒலிபெருக்கி அரிதாயிருந்த காலத்தில் உருவான இந்தப் பாணி, உயர்ந்த கட்டையில் பாடுவதைக் கலைஞனின் முதல் தகுதியாக வைத்தது. கிட்டப்பாவின் புகழில் பாதி அதனால் வந்தது. ஒலிவாங்கி வந்தபின் அந்தத் தேவை போயிற்று. அப்போது பாடகர் என்ன செய்தார்? உச்சத்தைப் பழக்கமாகத் தொடர்ந்தாரா, தாழ்ந்த தொனியின் நுட்பங்களுக்கு இடம் கொடுத்தாரா? கர்நாடகக் கச்சேரியில் முகாரி, சுபபந்துவராளி போன்ற இராகங்கள் தம் இலக்கணத்துக்குள் விரியும். மேடையில் அதே இராகம் சொல்லுக்கும் அழுகைக்கும் இடையில் நிற்கவேண்டும். பிடி எங்கே குறைகிறது, சொல் எங்கே இராகத்தை உடைக்கிறது? பார்சி மெட்டுகளில் எவை மிஞ்சின, எவை நாட்டுக்கூத்தின் இழுப்புக்கும் ஒப்பாரியின் சாயலுக்கும் இடம்விட்டன? யாழ்ப்பாண உச்சரிப்பு பாட்டின் நடையை மாற்றியதா?

இவை தீர்க்கக்கூடிய கேள்விகள். மேலும், இசைநாடகம் ஈழத்தின் சொந்தக் கலையா என்ற பழைய வினாவுக்கு நேரடிச் சான்று தரக்கூடியவையும் இவையே. வடிவத்தின் பிறப்பிடம் எதுவானாலும், பாடும் முறையில் ஊரின் சாயல் அழுத்தமாகப் பதிந்திருந்தால், அந்தக் கலை ஊருடையதாகிவிட்டது என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கும். பதியவில்லை என்று தெரியவந்தால் அதையும் ஏற்கவேண்டும்.

மதிப்பீடு

நூறாண்டு விவாதத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது சில முடிவுகளுக்கு ஓரளவு துணிவோடு வரலாம். இசைநாடகத்தின் அமைப்பு வெளியிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. அது ஒழுங்கற்ற அரங்கு என்ற குற்றச்சாட்டு சில மேடைகளுக்குப் பொருந்தும். அரங்கு முழுவதற்கும் பொருந்தாது. கூத்தின் மீட்பு ஈழத்துக்குக் கிடைத்த பேறு; ஆனால் ஆட்டத்தை மையமாக வைத்த அதன் அளவுகோல் பாட்டை மையமாகக் கொண்ட கலையை அளக்கப் போதுமானதாக இருக்கவில்லை. மயான காண்டம் ஒரு காண்டமாகச் சுருங்கி நிலைபெற்றதும், அரிச்சந்திரன் சுடலையிலேயே மக்கள் மனத்தில் நின்றதும், இரவல் வாங்கிய வடிவத்துக்குள் நடந்த சொந்தத் தேர்வுகள். இந்த அளவில், ‘இறக்குமதி’ என்ற தீர்ப்பைக் கைவிடுவதற்குப் போதிய நியாயம் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலை.

எஞ்சியிருப்பவை குறைவல்ல. முதலாவது, மேலே சொன்ன இசை ஆய்வு. இரண்டாவது, பெண் வேடம் தரித்த ஆண் கலைஞர்களின் கலையும் வாழ்வும். சந்திரமதி இல்லாமல் அரிச்சந்திரன் இல்லை. ஆயினும் வரலாற்றின் வெளிச்சம் பெரும்பாலும் அரசன் வேடத்தின் மீதே விழுந்திருக்கிறது. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பின்பாட்டுக்காரரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். ஒருவரின் புகழ் ஒரு கலையையே தன்னுள் விழுங்கிவிடும்போது, அந்த ஒருவரையும் நாம் சரியாகப் புரிந்துகொள்ளத் தவறுகிறோம்; ஏனென்றால் தர்க்கப் பாட்டுக்கு இரண்டு குரல் வேண்டும்.

மூன்றாவது, போரின் பங்கு. இந்த அரங்குக்கு உயிர் இரவு. 1980களில் ஊரடங்கும் சுற்றிவளைப்பும் இரவை மக்களிடமிருந்து பறித்தன. வைரமுத்து மறைந்த அடுத்த ஆண்டே, 1990இல், காங்கேசன்துறையும் அயலூர்களும் இடம்பெயர்ந்து, பின்னர் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டன. கோயில் வீதிகளும் கலைஞர் குடும்பங்களும் பார்வையாளரும் ஒருசேரச் சிதறினார்கள். ஆகவே கலையின் தேய்வுக்கு எந்த அளவு சினிமாவும் தொலைக்காட்சியும் காரணம், எந்த அளவு போர் காரணம் என்பதைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. காலம் மாறிவிட்டது என்ற பொதுச்சொல்லால் இதை மூடிவிடக் கூடாது.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடக் காலம் அதிகம் இல்லை. வைரமுத்துவோடு மேடையில் நின்றவர்களும், சிறுவராக முன்வரிசையில் இருந்து கேட்டவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். ஒலிநாடாக்கள் காலத்தால் கெட்டுப்போகும் பொருள்கள். அவற்றைத் திரட்டி எண்ணிம வடிவில் பேணுவதும், ஒரே பாட்டின் வெவ்வேறு ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டுச் சுருதியோடும் இராகத்தோடும் எழுதிவைப்பதும், குழுவினர் அனைவரின் வாய்மொழிகளைப் பதிவதும் அரங்கத்துறையும் இசைத்துறையும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. மூலம் எது என்ற விவாதம் தன் பயனை ஏறக்குறையத் தந்து முடித்துவிட்டது. இனி வரும் ஆய்வு, வைரமுத்து எதைப் பாடினார் என்பதோடு, எப்படிப் பாடினார் என்பதையும் செவிகொடுத்துக் கேட்கத் தொடங்குமானால், ஈழத்து அரங்கின் வரலாற்றில் இசைநாடகத்துக்குரிய இடத்தைச் சான்றோடு வரையறுக்க முடியும்.